கத்துற தவளைக்கு, அதாவது ஸ்க்ரீமிங் ஃப்ராக்ங்கிற சாஃப்ட்வேருக்கு, 199 பவுண்ட் குடுக்கலாமா? மாமா கடை வெப்சைட்டை வெச்சு ஒரு ரிவ்யூ

போன ஆடி மாசம் அக்கா வீட்டுக்காரர் போன் பண்ணாரு. கும்பகோணத்துல பித்தளை பாத்திரக்கடை வெச்சிருக்காரு, நாச்சியார்கோவில் குத்துவிளக்குதான் மெயின் ஐட்டம், வெளியூர் ஆர்டருக்காக வேர்ட்பிரஸ்ல (சைட்டு கட்டுற சாஃப்ட்வேர்) வூகாமர்ஸ் (அதுல கடை போட ஒட்டிக்கிற பிளகின்) போட்டு ஒரு சைட்டும் ஓடுது. "மாப்ள, கூகுள்ல நம்ம கடை பேரோட குத்துவிளக்குன்னு அடிச்சா விளக்கு வர மாட்டேங்குது, ஏதோ விலை கம்மில இருந்து ஜாஸ்தின்னு அடுக்கின லிஸ்ட் வருது, அத தொட்டா மொத ஆளா கரண்டி வந்து நிக்குது"ன்னாரு. சிரிப்பு வந்துச்சு, ஆனா திறந்து பாத்தா அவர் சொன்னது அப்படியே நிஜம். சீர்வரிசை கேட்டகரியோட சாதா பக்கத்த விட்டுட்டு, அதே பக்கத்த விலைப்படி சார்ட் பண்ணா வருமே கேள்விக்குறி எல்லாம் போட்ட நீள அட்ரஸ், அதத்தான் கூகுள் பிடிச்சு வெச்சிருந்துச்சு.

நம்ம ஊர் தெருவுல பழைய எண் 14, புதிய எண் 27ன்னு ரெண்டு நம்பரையும் சேத்து எழுதி வெச்சிருப்பாங்கல்ல, தபால்காரருக்கு பழகிட்டா சரி, புது கொரியர் பையன்தான் தெருவ ரெண்டு ரவுண்டு சுத்துவான். மாமா சைட்டுல ஒரு விளக்குக்கு ரெண்டு நம்பர் இல்ல, ஏழெட்டு நம்பர். டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இல்லாம அடிச்சா எச்டிடிபிலயும் திறக்குது எச்டிடிபிஎஸ்லயும் திறக்குது, விளக்கு கேட்டகரி வழியா போனா ஒரு அட்ரஸ், சீர்வரிசை வழியா போனா இன்னொரு அட்ரஸ், முகப்புல இருக்கிற பேனர அமுக்கினா பின்னாடி யூடிஎம் வால் ஒட்டின மூணாவது அட்ரஸ். அந்த பேனர் வேலைய பாத்த புண்ணியவான் யாருன்னு சொல்லல, ஆனா சொந்த சைட்டுக்குள்ள இருக்கிற லிங்க்குக்கு யாராவது யூடிஎம் போடுவாங்களா? அது வெளிய வாட்ஸ்அப், ஃபேஸ்புக்ல ஷேர் பண்றப்ப ஆளு எங்கிருந்து வந்தான்னு பாக்க வெச்சது. உள்ள போட்டா கூகுளுக்கு புது அட்ரஸ நாமளே எடுத்து கைல குடுக்கிற மாதிரி.

இத எல்லாம் கையால தேட முடியாதுன்னு தெரிஞ்சுதான் ஸ்க்ரீமிங் ஃப்ராக் எஸ்இஓ ஸ்பைடர இறக்குனேன், நம்ம தவளை இதுதான் (எஸ்இஓன்னா தேடல்ல சைட்ட மேல வர வெக்கிற வேலை). இங்கிலாந்துல ஹென்லி-ஆன்-தேம்ஸ்னு ஒரு ஊர், அங்க இருக்கிற கம்பெனி செய்றது. கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ற சாஃப்ட்வேர், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். அட்ரஸ குடுத்து ஸ்டார்ட் அமுக்கினா போதும், கூகுள்பாட் (சைட்டுகள படிக்க கூகுள் அனுப்புற ரோபோ) மாதிரியே ஒவ்வொரு லிங்க்கா பிடிச்சு பிடிச்சு போயி எந்தெந்த அட்ரஸ் இருக்கு, ஒவ்வொண்ணும் 200 (பக்கம் இருக்கு) சொல்லுதா 301 (வேற அட்ரஸுக்கு போயாச்சு) சொல்லுதா 404 (பக்கம் இல்ல) சொல்லுதா, டைட்டில் என்ன, கேனானிக்கல் (எது அசல் அட்ரஸ்னு சொல்ற குறிப்பு) எங்க காட்டுது, எல்லாத்தையும் எக்செல் ஷீட்டு மாதிரி விரிச்சு போட்டுரும். மொத தடவ திறந்தப்ப பயந்துட்டேன், அவ்ளோ டேப்பு, அவ்ளோ காலம் (column). தமிழ் இன்டர்ஃபேஸ்லாம் கிடையாது. ஆனா நாலஞ்சு டேப்ப தவிர மத்தத தொடவே வேணாம்னு ஒரு நாள்லயே புரிஞ்சிடும்.

ஃப்ரீ வெர்ஷன் 500 யூஆர்எல், அதாவது 500 அட்ரஸ் வரைக்கும் போகும். சின்ன கடைக்கு 500 போதுமேன்னு நெனைப்பீங்க, நானும் நெனைச்சேன். அந்த 500ல படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்க்ரிப்ட் ஃபைல் எல்லாம் சேத்திதான், அதனால நூத்தி சொச்சம் விளக்கு, சொம்பு, தாம்பாளம் இருக்கிற கடைல பாதி வழியிலயே நின்னுருச்சு. போதாததுக்கு ஃப்ரீல பண்ண க்ரால (சைட்ட சுத்திப் பாத்தத) சேவ் பண்ணி வெக்க முடியாது, மூடினா போச்சு, கான்ஃபிகரேஷன்ல முக்கால்வாசி பூட்டு. பத்து பக்கம், இருபது பக்கம் இருக்கிற டாக்டர் கிளினிக், ட்யூஷன் சென்டர் சைட்டுன்னா ஃப்ரீயே ஜோர், காசு குடுக்கவே வேணாம். கடைன்னா லைசென்ஸ் வேணும். நான் வாங்குறப்ப வருஷத்துக்கு 199 பவுண்ட், நம்ம காசுக்கு இருபதாயிரத்துக்கு மேல. மாமாகிட்ட சொன்னப்ப "அதுக்கு ஒரு அஞ்சடி விளக்கே வரும்டா"ன்னாரு. இன்னும் ரெண்டு பேர் சைட்டுக்கும் இதே வேலை கையில இருந்ததால நானே போட்டு வாங்கிட்டேன்.

லைசென்ஸ் போட்டு முழுசா ஓட விட்டப்பதான் விஷயம் வெளிய வந்துச்சு. ரிப்போர்ட்ஸ் மெனுல ரீடைரக்ட் செயின்னு ஒண்ணு இருக்கு (ரீடைரக்ட்னா ஒரு அட்ரஸ அடிச்சா தானா இன்னொரு அட்ரஸுக்கு தாவுறது), என்னைக் கேட்டா இந்த சாஃப்ட்வேர்ல குடுத்த காசுக்கு வொர்த்தான இடம் அது ஒண்ணுதான், மத்தது எல்லாம் போனஸ். மாமா கடை துணிப்பைல, பில் புக்குல எல்லாம் அச்சடிச்சிருக்கிற அட்ரஸ் டபிள்யூ டபிள்யூ டபிள்யூவோட இருக்கிற பழைய எச்டிடிபி அட்ரஸ், முகப்போடது இல்ல, உள்ள இருக்கிற விளக்கு கேட்டகரி பக்கத்தோடது. அத அடிச்சா மொதல்ல எச்டிடிபிஎஸ்க்கு தாவுது, அங்கேருந்து டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இல்லாத அட்ரஸுக்கு தாவுது, அங்கேருந்து கடைசில சாய்வுக்கோடு போட்ட அட்ரஸுக்கு தாவுது. மூணு தாவல். ஆளுக்கு இது தெரியாது, பக்கம் கொஞ்சம் லேட்டா வரும் அவ்ளோதான். கூகுள்பாட் பத்து தாவல் வரைக்கும் பின்னாடியே வரும், அதுக்கு மேல விட்டுரும், அதனால மூணுக்கு ஒண்ணும் குடி முழுகாது, ஆனா எதுக்கு மூணு? ஒரே தாவல்ல கடைசி அட்ரஸுக்கு அனுப்புற மாதிரி சர்வர்ல எழுதிட்டா முடிஞ்சது. அந்த ரிப்போர்ட்டுல ஆரம்ப அட்ரஸ், நடுவுல எத்தன தாவல், ஒவ்வொண்ணும் 301ஆ 302ஆ, கடைசில எங்க போய் நிக்குது, எல்லாம் ஒரே வரில இருக்கும், சுழல் மாட்டிக்கிட்டு அங்கயும் இங்கயும் போய்ட்டே இருந்தா அதையும் சொல்லிரும்.

302ன்னதும் ஞாபகம் வருது. மாமா சைட்டு வேர்ட்பிரஸுக்கு மாறுறதுக்கு முன்னாடி சாதா எச்டிஎம்எல் பக்கங்களா இருந்துச்சு, அன்னம் வெச்ச விளக்குக்கு ஒரு பக்கம், பாவை விளக்குக்கு ஒரு பக்கம்னு. மாத்தி குடுத்த ஆளு என்ன பண்ணிருக்காருன்னா பழைய பக்கம் அத்தனையையும் மொத்தமா முகப்புக்கு 302 போட்டு விட்டுட்டாரு. 302ன்னா தற்காலிகமா இங்க இருக்கேன், சீக்கிரம் வந்துருவேன்னு அர்த்தம். நிரந்தரமா வீடு மாத்தினா போட வேண்டியது 301, இல்லன்னா 308. அதவிட பெரிய தப்பு எல்லாத்தையும் முகப்புக்கு அனுப்புனது, விளக்க தேடி வந்தவன கடை வாசல்ல நிக்க வெச்சா அவன் கெளம்பிருவான், கூகுளும் இந்த மாதிரி சம்பந்தமில்லாத ரீடைரக்ட்ட சாஃப்ட் 404ன்னு, அதாவது பக்கமே இல்லைங்கிற கணக்குலதான் வெச்சுக்கும். பழைய பக்கத்துக்கு வெளிய யாரோ குடுத்திருந்த லிங்க் எல்லாம் வீணா போச்சு.

இதுக்கு தவளைல லிஸ்ட் மோடுன்னு ஒண்ணு இருக்கு. பழைய அட்ரஸ் எல்லாம் இப்ப சைட்டுல எங்கயும் லிங்க்கா இல்லைங்கறதால சாதா க்ரால்ல வராது. நான் இணைய ஆவணக் காப்பகத்தோட வேபேக் மெஷின்ல (பழைய சைட்டுகள சேத்து வெச்சிருக்கிற இடம்) இருந்தும் சர்ச் கன்சோல்ல (நம்ம சைட்ட கூகுள் எப்படி பாக்குதுன்னு காட்டுற கூகுளோட டூல்) லிங்க்ஸ் பகுதியில இருந்தும் பழைய அட்ரஸ பொறுக்கி எடுத்து, லிஸ்ட் மோடுல கொட்டி, ரீடைரக்ட்ட கடைசி வரைக்கும் பின்தொடருங்கிற டிக்கையும் போட்டு ஓட விட்டேன். எல்லாமே முகப்புல போயி குவிஞ்சு நின்னுச்சு. அப்புறம் எக்செல்ல இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசுன்னு போட்டு மாமாவ பக்கத்துல உக்கார வெச்சு ஒவ்வொண்ணா கேட்டேன்.

"இது என்ன மாமா, அடுக்கு விளக்குன்னு இருக்கு?"

"அது இப்ப செய்றதில்ல மாப்ள. செய்ற ஆளு இல்ல."

"அப்போ இதுக்கு கிட்டத்துல எது?"

"கிட்டத்துலன்னா... கிளை விளக்குக்கு அனுப்பு. இல்ல வேணாம், அது வேற இது வேற, கஸ்டமர் சண்டைக்கு வருவான்."

அது 410. இல்லவே இல்ல, இனிமே வராதுன்னு நேரா சொல்லிர்றது. இந்த மாதிரி முடிவெல்லாம் எந்த சாஃப்ட்வேரும் எடுக்காது, எது எதுக்கு சமம்னு கடைக்காரருக்குத்தான் தெரியும். ஒரு சாயங்காலம் ஃபுல்லா அக்கா போட்ட பஜ்ஜியோட இதேதான் ஓடுச்சு.

சரி, கேனானிக்கல் விஷயம். ஒரே பக்கம் பல அட்ரஸ்ல திறந்தா எது அசல்னு தேடுபொறிக்கு சொல்ற குறிப்பு, 2009 பிப்ரவரில கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூணு பேரும் சேந்து கொண்டாந்தது. வேர்ட்பிரஸ் தனிப் பக்கம், கட்டுரை, ப்ராடக்ட்டுக்கு எல்லாம் தானாவே கேனானிக்கல் போட்டுரும், கேட்டகரி பக்கத்துக்கு போடாது, அதுக்கு ஒரு எஸ்இஓ பிளகின் வேணும். மாமா சைட்டுல அந்த பிளகின யாரோ ஸ்பீடு வரட்டும்னு டீஆக்டிவேட் பண்ணி வெச்சிருந்தாங்க. கரண்டி மொதல்ல நின்ன ரகசியம் அதுதான். தவளைல கேனானிக்கல்ஸ் டேப்புல போயி மிஸ்ஸிங்னு ஃபில்டர் போட்டதும் கேட்டகரி பக்கமும் அதோட சார்ட் பண்ண பக்கங்களும் வரிசையா வந்து விழுந்துச்சு. பிளகின ஆன் பண்ணி, திரும்ப ஓட்டி, இப்ப கேள்விக்குறி அட்ரஸ் எல்லாம் சாதா அட்ரஸ கை காட்டுதான்னு பாத்துக்கிட்டேன்.

இங்க ஒரு விஷயம், நெறைய பேர் சொதப்புறது இதுலதான். டூப்ளிகேட் அட்ரஸ மறைக்கணும்னு ரோபோட்ஸ் ஃபைல்ல (எங்க வரக்கூடாதுன்னு தேடுபொறிக்கு சொல்ற ஃபைல்) தடுத்துட்டு, அதே பக்கத்துல கேனானிக்கலும் போட்டு வெப்பாங்க. உள்ளயே விடலன்னா கூகுள் அந்த கேனானிக்கல எப்படி படிக்கும்? முன்னாடி சர்ச் கன்சோல்லயே இந்த கேள்விக்குறி அட்ரஸுக்குன்னு தனி டூல் இருந்துச்சு, அதையும் 2022ல எடுத்துட்டாங்க, இப்ப நம்ம சைட்ட நாமதான் சுத்தமா வெச்சுக்கணும். இன்னொண்ணு, கேனானிக்கல்ங்கிறது சிபாரிசு மாதிரிதான், கூகுள் கேக்கணும்னு கட்டாயம் இல்ல. கேனானிக்கல் ஒண்ண சொல்லுது, சைட்மேப் (பக்கங்களோட பட்டியல்னு தேடுபொறிக்கு குடுக்கிற ஃபைல்) இன்னொண்ண சொல்லுது, உள்ள இருக்கிற மெனு லிங்க் மூணாவதா ஒண்ண காட்டுதுன்னா அது தன் இஷ்டத்துக்கு ஒண்ண எடுத்துக்கும், அப்புறம் கூகுள் வேற கேனானிக்கல தேர்ந்தெடுத்துருச்சுன்னு சர்ச் கன்சோல்ல பாத்து அழுவோம். நான் மெனு, பேனர், சைட்மேப் மூணையும் ஒரே அட்ரஸுக்கு கொண்டாந்த அப்புறம்தான் ரீடைரக்ட்டுலயே கை வெச்சேன்.

டூப்ளிகேட் இருந்தா கூகுள் தண்டனை குடுக்கும், சைட்ட தூக்கிரும்னு பயமுறுத்தி காசு வாங்குறவங்க இருக்காங்க. ஏமாத்தணும்னு பண்ணாத சாதா டூப்ளிகேட்டுக்கு அப்படி தண்டனைலாம் கிடையாது, கூகுளே பல வருஷமா அத சொல்லிட்டுதான் இருக்கு. நஷ்டம் வேற மாதிரி வரும், ஒரு பக்கத்துக்கு வரவேண்டிய லிங்க் நாலு அட்ரஸ்ல செதறிப் போகும், தேடுறவனுக்கு தப்பான அட்ரஸ் காட்டும், நம்ம கரண்டி மாதிரி. 301 போட்டா மதிப்புல கொஞ்சம் கழிஞ்சிரும்னு இன்னொரு பழைய கதை, இப்ப ரீடைரக்ட்டுல பேஜ்ரேங்க் (லிங்க்குகள வெச்சு கூகுள் ஒரு பக்கத்துக்கு போடுற மதிப்பு) கொறையாதுன்னு கூகுளோட கேரி இலியஸ் 2016லயே சொல்லிட்டாரு.

இப்ப தமிழ்ல சைட்டு வெச்சிருக்கவங்களுக்காக ஒரு சமாச்சாரம், இதுதான் எனக்கு பெரிய ஆச்சரியம். மாமா கடை சைட்டுல ஈயம் பூசுறத பத்தி ரெண்டு கட்டுரை இருக்கு. ஒண்ணு "பித்தளை பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது எப்படி", இன்னொண்ணு "பித்தளை பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது ஏன்". தவளைல பாத்தா மொத கட்டுரையோட அட்ரஸ் "பித்தளை-பாத்திரத்துக்கு"ன்னு அதோட முடிஞ்சிருச்சு, ரெண்டாவது "பித்தளை-பாத்திரத்துக்க-2"ன்னு நிக்குது. துக்கத்துலயே முடிச்சிருக்கான் பாருங்க. காரணம் என்னன்னா, வேர்ட்பிரஸ் அட்ரஸோட கடைசி பகுதிக்கு 200 கேரக்டர்தான் இடம் குடுக்கும், இங்கிலீஷ்ல 200ன்னா ஒரு பத்தியே எழுதலாம், தமிழ்ல ஒவ்வொரு யூனிகோட் குறியும் % போட்ட வடிவத்துக்கு மாறுறப்ப 9 கேரக்டர் ஆகிருது. "பி"ங்கிறதுல பகரம் ஒரு குறி, மேல வர்ற இகரம் ஒரு குறி, ஆக 18. நான் ஒக்காந்து எண்ணிப் பாத்தேன், பித்தளை 7 குறி, பாத்திரத்துக்கு 15 குறி, நடுவுல ஒரு கோடு, மொத்தம் 199. ரெண்டு வார்த்தையோட கோட்டா காலி. ரெண்டாவது கட்டுரைக்கு 2ன்னு ஒட்ட இடம் வேணும்னு கடைசி உகரத்தையும் வெட்டி எறிஞ்சிருச்சு.

இதால ரெண்டு கட்டுரையும் டூப்ளிகேட் ஆகிடாது, உள்ள விஷயம் வேற வேற. ஆனா அட்ரஸ பாத்தா ஆளுக்கும் புரியாது எனக்கும் புரியாது, எந்த 2 எதோட 2ன்னு தேடியே ஒரு மணி நேரம் போச்சு. ரெண்டுக்கும் "ஈயம்-எப்படி", "ஈயம்-ஏன்"னு குட்டியா கையால போட்டு பழசுக்கு 301 குடுத்தேன். டேக் பக்கத்துல இன்னும் மோசம், கோயில்னு ஒரு டேக், கோவில்னு ஒரு டேக், ரெண்டுலயும் அதே விளக்குங்க. அது போதாதுன்னு கோயில்ங்கிறதே ரெண்டு தடவ இருந்துச்சு, கண்ணுக்கு அச்சு அசலா ஒண்ணா தெரியுது, ஆனா அட்ரஸ் வேற. ஒண்ணுல ஓகாரக் குறி ஒரே குறியா இருக்கு, இன்னொண்ணுல இரட்டைக் கொம்பு தனியா கால் தனியா ரெண்டு குறியா இருக்கு, பழைய ஃபாண்ட்ல இருந்து மாத்தி ஒட்டினா இப்படி வரும். தவளை இத தமிழ்ல விளக்கி சொல்லாது, ஆனா ஒரே மாதிரி தெரியுற தலைப்பு ரெண்டு அட்ரஸ்ல இருக்கறது பேஜ் டைட்டில்ஸ் டேப்புல நம்ம கண்ணுல மாட்டிரும், மாட்டின அப்புறம் தலைய பிச்சுக்கிறது நம்ம வேலை.

கொறை சொல்லணும்னா கன்டென்ட் டேப்பு. அச்சு அசல் ஒண்ணா இருக்கிறத தனியா காட்டும், 90 சதவீதத்துக்கு மேல ஒத்துப்போறத கிட்டத்தட்ட டூப்ளிகேட்னு காட்டும். அந்த ரெண்டாவத கான்ஃபிகரேஷன்ல ஆன் பண்ணி, க்ரால் முடிஞ்ச அப்புறம் க்ரால் அனாலிசிஸ்னு தனியா ஒரு தடவ வேற ஓட்டணும், இது தெரியாம காலியா இருக்கேன்னு முழிக்கிறவங்க நெறைய. வந்ததுக்கு அப்புறமும் அத அப்படியே நம்பிர முடியாது. ரெண்டடி விளக்கு, மூணடி விளக்கு, நாலடி விளக்கு மூணுக்கும் மாமா ஒரே விவரத்த ஒட்டிருந்தாரு, தவளை மூணையும் சேத்து பிடிச்சுது. உடனே ரெண்ட தூக்கி மூணாவதுக்கு ரீடைரக்ட் பண்ணிட்டா கடைல ரெண்டு சரக்கு காணாம போன மாதிரி. அது ஒரே ப்ராடக்ட்டா போட்டு அளவ உள்ள தேர்ந்தெடுக்க வெக்க வேண்டிய விஷயம், அப்படி மாத்தி வெச்சப்புறம்தான் பழைய மூணு அட்ரஸுக்கும் 301 போட்டேன். பெரிய சைட்டுன்னா ரேமும் நல்லா சாப்பிடும், 4 ஜிபி லேப்டாப் வெச்சுக்கிட்டு லட்சம் பக்கம் இருக்கிற சைட்ட ஓட்டலாம்னு ஆசைப்படாதீங்க.

அப்புறம் ஒண்ணு, இது பாக்க மட்டும்தான் செய்யும், ஒரு எழுத்தக்கூட சரி பண்ணாது. சரி பண்ண நான் எடுத்தது ஜான் காட்லியோட ரீடைரக்ஷன் பிளகின், வேர்ட்பிரஸுக்கு இலவசம். எக்செல் ஷீட்ட சிஎஸ்விஆ மாத்தி இம்போர்ட் பண்ணா அத்தனையும் ஒரே அடில ஏறிருது, 404 லாக் பக்கத்துல எந்த அட்ரஸ தேடி வந்து ஆளுங்க திரும்பிப் போறாங்கன்னு தெரியுது, அட்ரஸ மாத்தினா தானா 301 போட்டுக்கிற வசதியும் இருக்கு. அந்த கடைசி வசதில மட்டும் ஒரு கண்ணு இருக்கணும், ஒரே பக்கத்தோட அட்ரஸ மூணு தடவ மாத்தினா அடுக்கடுக்கா செயின் சேந்துரும், நான் மாசத்துக்கு ஒரு தடவ தவளைய ஓட்டி அத நேராக்குறேன். எச்டிடிபிஎஸ், டபிள்யூ டபிள்யூ டபிள்யூ மாதிரி சைட்டு முழுக்க வர்ற தாவல மட்டும் பிளகின்ல போடாதீங்க, சர்வர் லெவல்ல போடுங்க, வேர்ட்பிரஸ் எந்திரிச்சு பல்லு வெளக்குறதுக்குள்ள வேலை முடிஞ்சிரும்.

மார்க்குன்னு கேட்டா தவளைக்கு அஞ்சுக்கு நாலு, ரீடைரக்ஷனுக்கு நாலரை, அது இலவசம்ங்கறதால அரை மார்க் கூட. மாசா மாசம் அஞ்சாறு சைட்டு பாக்கிறவங்க கண்ண மூடிட்டு லைசென்ஸ் வாங்கலாம். சொந்த சைட்டு ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கவங்க ஃப்ரீய போட்டு, சர்ச் கன்சோல பக்கத்துல வெச்சு பாத்தாலே முக்கால்வாசி அழுக்கு தெரிஞ்சிரும்.

மாமா சைட்டுல மொத ரெண்டு வாரம் ஒண்ணும் நடக்கல. அப்புறம் அவருக்கு சர்ச் கன்சோல்ல இருந்து மெயில் வந்து, பேஜ் வித் ரீடைரக்ட்னு நம்பர் ஏறிக்கிட்டே போகுதுன்னு பதறி போன் பண்ணாரு, அது ஏறத்தான் செய்யும் மாமா, நாம போட்ட ரீடைரக்ட்ட அது பாக்குதுன்னு அர்த்தம், பழுது இல்லன்னு சொல்லி வெச்சேன். ஐப்பசில கரண்டி போயி கேட்டகரி பக்கம் வந்துச்சு, கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி விளக்கு பக்கமே வர ஆரம்பிச்சுது. நேத்து மறுபடி போன். பழைய அட்ரஸ் அச்சடிச்ச துணிப்பை ரெண்டு மூட்டை குடோன்ல கெடக்காம், தூக்கிப் போட்டுரவான்னு கேக்கறாரு. கூகுள் கொறஞ்சது ஒரு வருஷமாவது ரீடைரக்ட்ட எடுக்காம வெக்கச் சொல்லுது, நம்மது நீ கடை நடத்துற வரைக்கும் இருக்கும், பைய குடு மாமான்னேன்.